டாக்டரம்மா பதில்கள்: ராமநாதபுரம் கடற்கரைக் கடிதங்கள்

போன இதழில் ரத்தக் கொதிப்பைப் பற்றி எழுதும்போது, மாத்திரைச் சீட்டில் பேனாவை வைப்பதற்கு முன்னால் அந்த மனிதர் எந்த ஊரில் இருக்கிறார், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார், யாரோடு உட்காருகிறார் என்று கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து இவ்வளவு கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தொண்டி முதல் மூக்கையூர் வரை எழுதியிருக்கிறீர்கள். சரி, இந்த முறை பக்கம் முழுக்க உங்களுக்குத்தான். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். கடலில் இருக்கும்போது ஒரு சொட்டு தொடமாட்டார். கரைக்கு வந்து பங்குப் பணம் கைக்கு வந்ததும் ஆரம்பித்துவிடும். மீன்பிடித் தடைக்காலத்தில் கேட்கவே வேண்டாம், தினமும்தான். மனசு வைத்தால் விட்டுவிடலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவருக்கு மனசு இல்லையா டாக்டரம்மா? (பாம்பன் வாசகி)

பதில்: மனசு இருக்கிறது தங்கச்சி. கடலில் தொடுவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அது மனசு இல்லாதவர் செய்கிற காரியமா? படகில் அந்த மனசுக்குத் துணையாக நிற்கிற விஷயங்கள் சில இருக்கின்றன, கரையில் அதைத் தோற்கடிக்கிற விஷயங்கள் சில இருக்கின்றன. அதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று ஏற்பாடு. மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கிப் போனால் ராத்திரி முழுக்க வலை இழுப்பு, மறுநாள் காலையில் கரை. மீனை இறக்கி, எடை போட்டு, கணக்குப் பார்த்து, சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, பணத்தைக் கையில் கொடுக்கும்போது உங்கள் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கத் தூங்காதவர். உடம்பெல்லாம் வலி. அடுத்த கடலுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. கூட வந்த நாலைந்து பேருக்கும் அதே நிலைமைதான். பகல் 12 மணிக்கு மதுக்கடை திறக்கிறது. தூக்கம் கெட்ட மூளை, கையில் ரொக்கம், வெறும் நேரம், பழகிய கூட்டாளிகள், பக்கத்திலேயே கடை, இத்தனையும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. கடலில் ரொக்கமும் கிடையாது, வெறும் நேரமும் கிடையாது, கடையும் கிடையாது. அங்கே கண்ணை மூடினால் வலை போய்விடும், உயிரும் போய்விடும்.

இடம் மாறினால் எவ்வளவு பெரிய பழக்கமும் தளரும் என்பதற்கு வியட்நாம் போரில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1971-ல் அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். இவ்வளவு பேர் ஊர் திரும்பினால் நாடே நாசமாகிவிடும் என்று அரசாங்கம் பயந்துபோய், லீ ராபின்ஸ் என்ற ஆராய்ச்சியாளரை வைத்து அவர்களைப் பின்தொடரச் சொன்னது. வீடு திரும்பிய முதல் ஒரு வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் 100-க்கு 5 பேர் அளவுக்குத்தான். ஹெராயினை விடுவது லேசு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த முகாம், அந்தப் பயம், காசுக்கு மலிவாகக் கிடைத்த அந்தச் சரக்கு, அதைச் சேர்ந்து இழுத்த அந்தக் கூட்டம், எல்லாம் பின்னால் போய்விட்டது. ஊரில் அம்மா, வேலை, வேறு நண்பர்கள்.

உங்கள் வீட்டில் இது தலைகீழாக இருக்கிறது, அதுதான் கஷ்டம். உங்கள் கணவருக்குக் கடல்தான் பத்திரமான இடம், சொந்த ஊர்தான் ஆபத்தான இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்றால், அந்தப் பத்திரமான இடம் அவருக்கு 61 நாள் பூட்டிக் கிடக்கிறது. மீன் இனப்பெருக்கத்துக்கு அந்தத் தடை வேண்டியதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நிவாரணப் பணத்தோடு, அந்த நாட்களில் ஆண்கள் எங்கே உட்காருவார்கள், என்ன வேலை செய்வார்கள் என்பதையும் ஊர்க் கமிட்டிகள் யோசிக்க வேண்டும் என்று நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

நீங்கள் என்ன செய்யலாம்? பணம் கைக்கு வரும் அந்த ஒரு மணி நேரத்தை மாற்றப் பாருங்கள். அவர் தெளிவாக இருக்கிற ஒரு நாளில், கடலுக்குப் போவதற்கு முன்னால் பேசுங்கள், குடித்திருக்கும்போது பேசாதீர்கள். பங்குப் பணத்தில் பாதியை உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி அவரே சம்மாட்டியிடம் சொல்லட்டும். இப்போது போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். இறங்குதளத்தில் உங்கள் மகனோ மச்சானோ வண்டியோடு நிற்கட்டும், நேராக வீட்டுக்கு வந்து குளித்து, வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கட்டும். தூங்கி எழுந்தவருக்குக் குடிக்க வேண்டும் என்ற வேகம் கணிசமாகக் குறைந்திருக்கும். தடைக்காலத்தில் வலை முடைகிற வேலையைக் கடற்கரைக் கொட்டகையில் செய்யாமல் வீட்டு வாசல் நிழலில் செய்ய முடியுமா என்று பாருங்கள். கேட்க அற்பமாகத் தெரியும். பழக்கம் என்பது இப்படிச் சின்னச் சின்ன இடங்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை. தினமும் காலையிலிருந்தே குடிக்கிற நிலைக்கு வந்துவிட்டவர்கள் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, அதைத் தொடர்ந்து வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் புலம்புவது எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் வரும், உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவர்களை அரசு மருத்துவமனையில் சேர்த்து மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். தொலைபேசியில் பேச 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். நீங்களும் அதில் பேசலாம் தங்கச்சி, குடிப்பவர் மட்டும்தான் பேச வேண்டும் என்று இல்லை.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் மாமியார், நான், என் நாத்தனார் மூன்று பேருக்கும் பிரஷர். உப்பைக் குறை என்கிறார் டாக்டர். நாங்கள் குடிக்கிற தண்ணீரே உப்பாக இருக்கிறதே, அதை எப்படிக் குறைப்பது? (சாயல்குடி பக்கத்து வாசகி)

பதில்: இந்தப் பக்கம் வந்த கடிதங்களிலேயே சரியான கேள்வி இதுதான். தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் உப்பைக் குறை என்று சொன்னால் அது பாதி வைத்தியம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பில் கெடுதல் செய்வது சோடியம். 5 கிராம் உப்பில் சுமார் 2000 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இப்போது உங்கள் வீட்டுத் தண்ணீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் சோடியம் இருப்பதாக ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இந்த வெயிலில் குடிக்க, கஞ்சிக்கு, குழம்புக்கு என்று ஓர் ஆள் உடம்புக்குள் 3 லிட்டர் போனால் 1800 மில்லிகிராம். அதாவது குழம்பில் ஒரு கல் உப்புப் போடுவதற்கு முன்னாலேயே அன்றைய அளவு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சென்னையில் இருக்கிற ஒருவருக்கும் உங்களுக்கும் ஒரே அறிவுரையைச் சொன்னால் அது எப்படிப் பொருந்தும்?

வங்கதேசத்தின் தென்மேற்குக் கடலோரத்தில் டாகோப் என்று ஒரு பகுதி. அங்கேயும் கடல் உள்ளே ஏறி நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. அங்கே கர்ப்பிணிகளை ஆராய்ந்தபோது, மழைக்காலத்தைவிட வறண்ட மாதங்களில் கர்ப்பகால ரத்தக் கொதிப்பு அதிகமாக இருந்தது, குழாய்க் கிணற்றுத் தண்ணீர் குடித்த பெண்களின் சிறுநீரில், மழைநீர் குடித்தவர்களைவிடச் சோடியமும் அதிகம் இருந்தது. எல்லாரும் அதே பகுதிப் பெண்கள்தான். தண்ணீர்தான் பருவத்தோடு மாறியது. அந்தக் கடலோரத்திலேயே பின்னால் நடந்த இன்னோர் ஆய்வு, இந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கவும் செய்கின்றன என்று காட்டியது. அதனால் உப்புத் தண்ணீர் குடிக்கிற எல்லாருக்கும் பிரஷர் வந்தே தீரும் என்று பயமுறுத்த மாட்டேன். ஏற்கெனவே பிரஷர் இருக்கிறவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தண்ணீர் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்.

முதல் வேலை, தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம். கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். சோடியம் எவ்வளவு என்றும் தனியாகக் கேளுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கரிக்கும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் உப்பை எடுக்காது. ஆர்ஓ எடுக்கும். காசு கொடுத்து வாங்குகிற நல்ல தண்ணீர் கொஞ்சமாகத்தான் கிடைக்கிறது என்றால், அதைக் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவ, அரிசி களைய உப்புத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். உலை நீரை உப்புத் தண்ணீராக விட்டுவிட்டு, குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வைத்திருக்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சோறு அந்த நீரைத்தானே குடித்து வேகிறது.

கருவாட்டை விடச் சொல்ல மாட்டேன், கடலோரத்தில் அது ஏழைகளின் புரதம். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு தரம் கழுவிவிட்டுப் போடுங்கள், அந்தக் குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். கருவாடு உள்ள அன்று ஊறுகாய் வேண்டாம். கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது, அதில் பொட்டாசியம் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். உங்கள் தெருவுக்கு வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. இந்த மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடு என்று சொல்லிச் சொல்லியே நாம் கையைக் கட்டிக்கொண்டோம். வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள். அதை நம்பித்தான் ஊருக்கு ஊர் ஊரணி வெட்டினார்கள். குடிநீர் ஊரணி என்றால் அதில் குளிக்கக் கூடாது, கால் கழுவக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, மீறினால் அபராதம், காவலுக்கு ஆள். சுகாதாரத் துறை என்று ஒன்று வருவதற்கு முன்னாலேயே ஊர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சுகாதாரச் சட்டம் அது. எந்தத் தெருக்காரர் எந்த ஊரணியில் இறங்கலாம் என்ற சாதிக் கட்டுப்பாடும் அதே ஊரில்தான் இருந்தது. அதை மறைத்துவிட்டு வெறும் பெருமை பேசினால் நியாயமில்லை, நல்ல தண்ணீருக்கும் கெட்ட தண்ணீருக்கும் நடுவே சாதி நின்றது என்றால் நோய்க்கும் நடுவே நின்றது என்றுதான் அர்த்தம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு பல ஊரணிகளைக் கைவிட்டுவிட்டோம், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஆனால் குழாயின் கடைசி முனையில் இருக்கிற கடலோர ஊர்களுக்குக் காவிரி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அது வராத நாட்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போகிறவர்களும், ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளுகிறவர்களும் பெண்கள்தான். முதுகு வலியும் அவர்களுக்கே, வீட்டில் தண்ணீரைச் சிக்கனம் பிடித்துக் கடைசியாகக் குடிப்பவர்களும் அவர்களே. கிராம சபையில் உங்கள் ஊர் ஊரணியைப் பற்றிக் கேளுங்கள். அதையும் நான் பிரஷர் மருந்துச் சீட்டில்தான் சேர்ப்பேன்.

கேள்வி: எனக்கு வயது 22. ராமேஸ்வரத்தில் படகு வேலை. படகில் எல்லாருமே வாயில் புகையிலை வைப்பார்கள். விடலாம் என்று பார்த்தால் கிண்டல் செய்கிறார்கள். தனியாக எப்படி விடுவது? (தம்பி என்று மட்டும் கையெழுத்து)

பதில்: தனியாக விடாதீர்கள் தம்பி. அதுதான் என் பதில்.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரை மையமாக வைத்து 12,067 பேருடைய சிகரெட் பழக்கத்தை 1971-லிருந்து 2003 வரை பார்த்து, 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணவன் மனைவியில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36 சதவீதம். சின்ன நிறுவனத்தில் கூட வேலை செய்கிறவர் விட்டால் 34 சதவீதம். ஒவ்வொருவராக உதிராமல், ஒன்றோடொன்று ஒட்டிய கூட்டங்களாகவே விட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி ஆட்கள்தானே நண்பர்கள் ஆகிறார்கள், அதனால் எண்கள் கொஞ்சம் பெருத்துத் தெரியலாம் என்று இதை விமர்சித்தவர்களும் உண்டு. இருக்கட்டும். ஐந்தாறு பேர் ஒரே பலகையில் ராத்திரி முழுக்க இருக்கிற படகைவிடச் சின்ன நிறுவனம் எது?

படகில் ஏன் புகையிலை வைக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தூக்கத்தை விரட்ட, பசியை அடக்க, ஈரக் கையால் பீடி பற்ற வைக்க முடியாததால். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் புகையிலையை மட்டும் பிடுங்கினால் நிற்காது. ஃபிளாஸ்கில் சூடாகச் சுக்கு மல்லிக் காப்பி, கருப்பட்டித் துண்டு, வறுத்த கடலை, முறை வைத்து ஒரு மணி நேரத் தூக்கம். படகில் உங்களோடு மனசு ஒத்துப்போகிற ஒரே ஒருவரைப் பிடியுங்கள், இரண்டு பேராக நிறுத்துங்கள், முடிந்தால் ஓட்டுநரிடம் பேசுங்கள். அவர் வாயில் வைக்காத படகில் சின்னப் பையன்கள் யாரும் புதிதாகத் தொடங்குவதில்லை, இது நான் கண்ணால் பார்த்தது. கிண்டல் முதல் வாரம்தான் இருக்கும். உதவிக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. வாயில் வெள்ளைத் திட்டோ, ஆறாத புண்ணோ, வாய் முன்போலத் திறக்காமல் இறுக்கமோ இருந்தால் எண்ணைத் தேட வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: கடல்பாசி எடுக்கப் போகிறோம். கண் எரிச்சல், கை கால் வெட்டு, இடுப்பு வலி. ஆஸ்பத்திரியில் ஓய்வு எடு என்கிறார்கள். ஓய்வு எடுத்தால் யார் சோறு போடுவது? (சின்னப்பாலம் பெண்கள்)

பதில்: கோபம் நியாயமானது. விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டு மூச்சைப் பிடித்துப் பாறைக்குள் இறங்குகிறவர்களிடம் ஓய்வு என்ற சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது எனக்கும் சம்மதமில்லை. வேலையை விடாமல் உடம்பைக் காக்க என்ன வழி என்று சொல்வதுதான் வைத்தியம்.

கண்ணுக்கு: வெயில் மேலிருந்து மட்டும் வரவில்லை, தண்ணீரிலும் வெள்ளை மணலிலும் பட்டுத் திரும்பிக் கீழேயிருந்தும் வருகிறது. அதனால்தான் கடலோரத்தில் கண்ணில் சதை வளர்வதும் புரையும் அதிகம். வள்ளத்தில் போகும்போதும், கரையில் பாசி காயப் போடும்போதும் அகல விளிம்புள்ள தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போடுங்கள். சேலைத் தலைப்பு போதாது.

வெட்டுக்கு: கரையேறியதும் நல்ல தண்ணீரும் சோப்பும் வைத்துக் கழுவ வேண்டும், அதற்கென்றே ஒரு கேன் தண்ணீரை வள்ளத்தில் வையுங்கள். டெட்டனஸ் ஊசி முறையாகப் போட்டிருக்க வேண்டும். சர்க்கரை நோய் அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் காயத்தோடு கடலில் இறங்கவே கூடாது. வெதுவெதுப்பான கடல் நீரில் உள்ள சில கிருமிகள் ஒரே நாளில் காலை வீங்க வைத்து உயிருக்கு உலை வைத்துவிடும். வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்கிறேன். ஒதுங்க இடம் இல்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கடலுக்குப் போகிறீர்கள். சிறுநீர்த் தாரையில் நோய்த்தொற்று, கல், தலைசுற்றல், பாதி இடுப்பு வலி எல்லாம் அங்கேயிருந்துதான். கரையில் ஒரு கழிப்பறை கட்டினால் நான் எழுதுகிற மாத்திரையில் பாதி குறையும். உங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சங்கமாகப் பேசுவது புதிதில்லை. பாசி எடுக்கிற பெண்களைத் திரட்டியதற்காகச் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கிற அமெரிக்க அமைப்பான ஸீகாலஜியின் விருதே கிடைத்தது. அந்தச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கழிப்பறையை முதலில் வையுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு மனநோய். ஏர்வாடியில் கொண்டுபோய் வைத்தால் சரியாகும் என்கிறார்கள் உறவினர்கள். மருந்தா, தர்காவா? (பெரியபட்டினம் பக்கம்)

பதில்: மருந்தை விடாமல் தர்காவுக்குப் போய் வாருங்கள். இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே உட்கார்ந்தால் அம்மாவுக்கு நெஞ்சு ஆறுகிறது என்றால் அதுவும் நோயாளிக்கு நல்லதுதான். ஆனால் யாரோ ஒருவரிடம் காசு கொடுத்து விட்டுவிட்டு வருவதும், கட்டிப்போடுவதும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் இருந்ததால் ஓட முடியவில்லை. அதை இந்தக் கடற்கரை மறக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது.

வீட்டுச் சூழலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளில் யாருக்கு மறுபடி வருகிறது என்று பார்த்தார். 1972-ல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், ஓயாமல் குறை சொல்கிற, எரிந்து விழுகிற, அல்லது மூச்சுவிட இடம் கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைக்கிற வீடுகளுக்குப் போனவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. அப்படி இல்லாத வீடுகளில் 16 சதவீதம். வீட்டாரால்தான் நோய் வந்தது என்று இதைப் படிக்கக் கூடாது, வீட்டாரும் களைத்துப் போனவர்கள்தான். ஆனால் "ஏன்டா இப்படிக் கிடக்கிறாய்" என்பதைப் பகலில் பத்துத் தடவை கேட்காமல் இருப்பது மாத்திரையோடு சேர்ந்து வேலை செய்கிற மருந்து. தம்பிக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள், வலையில் மிதவை கோர்ப்பதோ கடைக்குப் போய் வருவதோ. குடும்பத்தில் இரண்டு பேர் முறை வைத்து அவரைப் பாருங்கள், ஒரே ஆள் மாட்டிக்கொள்ள வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

கேள்வி: சர்க்கரைக்கு தினமும் நடக்கச் சொல்கிறார்கள். எங்கள் தெருக்களில் பெண்கள் எங்கே நடப்பது? (கீழக்கரை சகோதரி)

பதில்: நடக்கச் சொல்கிற டாக்டர்கள் அந்தக் குறுகலான தெருவில் எதிரே பைக் வரும்போது ஒதுங்கி நின்று பார்த்திருக்க மாட்டார்கள். 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டுகிற டிரைவர்களைவிட, நாளெல்லாம் படி ஏறி இறங்குகிற கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டினார். கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை, வேலை அவர்களை நடக்க வைத்தது. தலையில் கூடையோடு தெருத்தெருவாக மீன் விற்ற நம் பாட்டிமார்களும் அப்படித்தான். இப்போது ஷேர் ஆட்டோ வந்துவிட்டது, மீனும் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

தெருவில் இடம் இல்லையென்றால் மொட்டை மாடி போதும், பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து, வெயில் தாழ்ந்த பிறகு. தனியாக என்றால் நாலு நாளில் நின்றுவிடும். சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு வேளையும் பத்துப் பதினைந்து நிமிடம் மாடிக்கும் வாசலுக்கும் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரை குறையும், ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டியதில்லை. விடுமுறை நாட்களில் பெண்கள் பள்ளி மைதானத்தைக் காலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் திறந்துவிடச் சொல்லி ஜமாஅத்திலும் நகராட்சியிலும் எழுதிக் கேளுங்கள், பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். கையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும், மாடித் தரை சூடாக இருந்தால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்குத் தெரியாது.